பாலுண்ணிக்குத் தேதி கேட்ட கதை

ஒரு மாதமாக அவன் விளக்கை அணைத்துவிட்டுத்தான் படுக்க வந்தான், ஆபீஸ் டென்ஷன் என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனாகவே சொன்னான், கீழே நாலைந்து பாலுண்ணி மாதிரி இருக்கிறது, யூடியூப் பார்த்து அம்மான் பச்சரிசிப் பால் தடவினேன், புண்ணாகிவிட்டது என்று. (கழுத்தில் வரும் மருவுக்கு எங்கள் ஆச்சி அதைத்தான் தடவுவாள், சரி. அந்த இடத்தில் தயவுசெய்து வேண்டாம்.)

தோல் டாக்டர் பார்த்தவுடனே எச்.பி.வி. என்றார், உடலுறவு வழியாகத் தொற்றும் வைரஸ். குணமாகுமா என்றுகூட நான் கேட்கவில்லை, "இது எப்போ வந்திருக்கும் டாக்டர்?" என்றுதான் கேட்டேன். கல்யாணமாகி மூன்று வருஷம், எனக்கு அதற்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தெரிய வேண்டும். "அதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா." வைரஸ் தொற்றிய சில வாரங்களிலும் மரு முளைக்கலாமாம், வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்துவிட்டும் முளைக்கலாமாம். அவனிடமிருந்து எனக்கா, என்னிடமிருந்து அவனுக்கா என்பதையும் எந்த டெஸ்டும் சொல்லாது. கல்யாணத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு காதல் இருந்தது. எனக்கும் இருந்தது. ஆட்டோவில் திரும்பும்போது இரண்டு பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தோம், வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பத்து நாள் திறந்தோம், அதை இங்கே எழுதப் போவதில்லை.

அடுத்தது புற்றுநோய் பயம். இந்த வைரஸில் 200 வகைக்கு மேல் இருக்கிறது. பிறப்புறுப்பு மருக்களில் பத்துக்கு ஒன்பது 6, 11 என்ற வகைகளால் வருபவை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் 16, 18. இதை மகப்பேறு டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆனால் ஒருவருக்கே இரண்டு விதமும் இருக்கலாம் என்பதால் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல் எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) எடுத்தேன், நார்மல், இனி இடைவெளி விட்டு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தடுப்பூசி, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வகையை விரட்டாது, இன்னும் வராததைத் தடுக்கும், அதனால் போட ஆரம்பித்திருக்கிறேன்.

அவனுக்குத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்துக் கருக்கினார்கள், மூன்று தடவை. கொப்புளம் ஆறும்வரை உறவு வேண்டாம், அந்த இடத்தில் ஷேவ் பண்ண வேண்டாம், பிளேடு வழியாகவே பரவும் என்றார்கள். ஆணுறை போட்டால் முழுப் பாதுகாப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன், அது மூடாத தோலில் இருந்தும் இது தொற்றும், ஆனாலும் போடாததற்குப் போடுவது எவ்வளவோ மேல். மரு போனாலும் வைரஸ் உடனே போய்விடுவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதை அடக்கிவிடும், அதுவரை, முக்கியமாக முதல் சில மாதங்கள், மரு திரும்ப வரலாம்.

வந்தது. போன வாரம் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "திரும்ப ஒண்ணு வந்திருக்கு" என்றான். கடுகளவுதான். சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் போடச் சொன்னேன்.