ரயிலுக்கு வயிற்றுவலி இல்லை

எங்கள் வீட்டுக் குட்டைக்கால் டாஷண்டு நாய்க்குப் பெயர் ரயில். நீளத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்தது. வயது ஐந்து.

வீடு மதுரை மூன்றுமாவடியில். கள்ளழகரை வரவேற்கும் எதிர்சேவை அன்று சொந்தக்காரர்கள் கூட்டம், ஆளாளுக்குப் புளியோதரை ஊட்டினார்கள். மறுநாள் ரயில் முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் நடுங்கியதும், வயிறுதான் என்று முடிவுகட்டிவிட்டோம். தொட்டால் வயிறும் பலகை மாதிரி இறுகியிருந்தது. அத்தை ஓமத்தண்ணீர் புகட்டினார். இரண்டு நாள் அப்படியே போனது.

ஒன்றை நான் பார்த்தும் விட்டுவிட்டேன். சோபாவில் முன்னங்காலை வைக்கும், ஏறாமல் என் முகத்தைப் பார்க்கும், காலை எடுத்துவிடும். மூன்றாம் நாள் தூக்கப் போனபோது வீல் என்று கத்தியது. நடந்தால் பின்னங்கால்கள் பின்னின.

டாக்டர் அதை நிற்கவைத்து, பின்னங்கால் பாதத்தை மடக்கி மேல்புறம் தரையில் படும்படி வைத்தார். நல்ல நாய் சட்டென்று திருப்பிக்கொள்ளுமாம். ரயில் வலதுகாலைத் திருப்பியது. இடதுகால் மடங்கியபடியே இருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு, இந்தக் குட்டைக்கால் இனங்களுக்குச் சின்ன வயதிலேயே காய்ந்துவிடுகிறது. பிதுங்கினால் தண்டுவடத்தை அழுத்தும். எக்ஸ்ரேயில் வட்டு தெரியாது, ஸ்கேன்தான். கால் முழுதாக விழுந்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ அன்றைக்கே ஓடிவரச் சொன்னார். வீட்டிலிருந்த காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு நல்ல திட்டு கிடைத்தது. மனுஷ வலி மாத்திரைகள் நாயைக் கொன்றே விடலாம்.

டாக்டர் கொடுத்த மாத்திரையோடு ஆறு வாரம் கூண்டு. வெளிக்குப் போக மட்டும், வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கிக் கூட்டிப்போக வேண்டும். முதல் வாரம் சுலபம். வலி குறைந்ததும்தான் கஷ்டம். ஆறாம் நாளே குதிக்கப் பார்த்தது, ராத்திரியெல்லாம் ஊளை. "பாவம், நல்லாத்தானே இருக்கு, திறந்துவிடேன்" என்று அத்தை தினமும் கேட்டார். மாத்திரை வலியைத்தான் மறைக்கிறது, வட்டு இன்னும் ஆறவில்லை என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

மடக்கி வைத்தால் இடது பாதத்தையும் மெல்லத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தது. அப்புறம் வீட்டைத்தான் மாற்றினோம். வழுக்கும் டைல்ஸ்மேல் ஜமுக்காளம், மாடிப்படிக்குத் தடுப்பு, கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. தூக்கினால் ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்புறத்தில். பதினொரு கிலோவை ஒன்பதரைக்குக் கொண்டுவந்தோம், அத்தையின் நெய்த்தோசையை நிறுத்தியதுதான் பெரிய போராட்டம்.

திண்ணைக்கு ஆசாரி ஒரு சாய்வுப் பலகை அடித்து, மேலே கயிற்று மிதியடி ஒட்டிக் கொடுத்தார். அதில் இறங்கப் பழக ஒரு மாதமானது. இப்போது மத்தியானமானால் தெருநாய் ஒன்று பலகையில் வந்து படுத்துக்கொள்கிறது. ரயில் மேலே நின்று, வழிவிடச் சொல்லிக் குரைத்துக்கொண்டிருக்கும்.