அக்காவும் அத்தானும் நடுவில் ஓர் இன்டைரக்ட் ஸ்பீச்சும்

அக்கா மகளுக்கு மறுநாள் ஆங்கிலப் பரீட்சை. டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்டாக, அதாவது நேர்கூற்றை அயற்கூற்றாக, மாற்றுவது மட்டும் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போன நேரம் பீரோ சாவி காணாமல் போய் அக்காவுக்கும் அத்தானுக்கும் பேச்சு நின்றிருந்தது. நேருக்கு நேர் பேச்சு இல்லையே தவிர சத்தத்துக்குக் குறைவில்லை. இவர் ஹாலில் இருந்து மகளிடம் சொல்வார், அவள் உள்ளே போய் அம்மாவிடம் சொல்வாள், பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வருவாள். எந்த கைடிலும் இப்படி ஒரு பயிற்சி கிடைக்காது என்று தோன்றியதால், "இனிமே தூது போறதை இங்கிலீஷ்ல போ, அதுவும் இன்டைரக்ட்ல" என்றேன்.

முதல் தூது அக்காவிடமிருந்து. "என் சாவியைத் தொலைச்சுட்டீங்க!" பெண் நோட்டில் எழுதிப் பார்த்து, அடித்து, மறுபடி எழுதி வந்து வாசித்தாள்: "அம்மா டோல்ட் அப்பா தட் ஹீ ஹேட் லாஸ்ட் ஹர் கீ." சரியாகத்தான் இருந்தது. டைரக்டில் 'அம்மா செட் டு அப்பா, "யூ ஹேவ் லாஸ்ட் மை கீ"' என்று இருக்கும். 'செட் டு' இருந்த இடத்தில் 'டோல்ட்', மேற்கோள் குறிக்குப் பதில் 'தட்', 'ஹேவ்' போய் 'ஹேட்'. 'யூ' கேட்கிறவரைப் பார்த்து 'ஹீ' ஆனது, 'மை' சொன்னவரைப் பார்த்து 'ஹர்' ஆனது. எல்லாம் ஒழுங்கு, ஆனால் அக்கா சொன்னபோது இருந்த சூடு 'தட்'டைத் தாண்டியதும் காணோம். மீட்டிங் மினிட்ஸ் வாசிப்பதைக் கேட்பது போல அத்தான் நிதானமாகத் தலையாட்டிவிட்டு, "எங்க வச்சான்னு கேளு" என்றார்.

இங்கேதான் வழக்கமாக எல்லோரும் விழுவார்கள், இவளும் விழுந்தாள். "அப்பா ஆஸ்க்ட் வேர் டிட் ஷீ கீப் இட்" என்று எழுதினாள். உள்ளே போன கேள்வி அதோடு கேள்வி இல்லை, சாதாரண வாக்கியம் போலத்தான் அடுக்க வேண்டும், 'டிட்' வெளியே போகும், 'வேர் ஷீ ஹேட் கெப்ட் இட்' என்று வரும், கடைசியில் முற்றுப்புள்ளி என்று சொல்லித் திருத்தினேன். கேள்விக்குறி போனதும் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் போய்விட்டது போல, பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அக்காவிடமிருந்து வந்தது பாருங்கள், "அந்த டிவியை அணைக்கச் சொல்லு."

"மாமா, இதுக்கு ஆர்டர்டா, ரிக்வெஸ்டடா?"

நியாயமான கேள்வி. டாக்டர் சொன்னால் 'அட்வைஸ்ட்', அதிகாரி சொன்னால் 'ஆர்டர்ட்', 'ப்ளீஸ்' இருந்தால் 'ரிக்வெஸ்டட்' என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள், ஆனால் பரீட்சைத் தாளில் யார் என்ன முகத்தோடு சொன்னார்கள் என்று ஒரு வரியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஊகிக்க வேண்டும், இது என்ன இலக்கணமோ! இங்கே முகம் தெரிந்தும் முடிவுக்கு வர முடியவில்லை. அத்தான் முந்திக்கொண்டு "ரிக்வெஸ்டட்னு போடு" என்றார். உள்ளேயிருந்து, "யாரு ரிக்வெஸ்ட் பண்ணது?" என்று குரல் வந்தது. "சரி, அட்வைஸ்ட்?" என்று அவர் ஒரு படி இறங்கிப் பார்த்தார். அதற்கும் உள்ளே ஒப்புதல் இல்லை. 'ஆர்டர்ட்' போட்டால் அடுத்த வேளை இந்த வீட்டில் எப்படி நடமாடுவது என்று அவருக்குக் கவலை. கடைசியில் யாருக்கும் மரியாதைக் குறைவில்லாத 'டோல்ட்' என்பதில் சமாதானம் ஆயிற்று: "அம்மா டோல்ட் அப்பா டு டர்ன் ஆஃப் த டிவி." டிவி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு நானே தேடித் தரேன்" என்ற அத்தானின் வாக்குறுதி, 'வில்' 'வுட்' ஆகி, 'டுமாரோ' 'த நெக்ஸ்ட் டே' ஆகிப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே, அதே வீட்டில் சொல்லும்போது 'டுமாரோ'வை மாற்றத் தேவையே இல்லை. ஆனால் பரீட்சையில் மாற்றாவிட்டால் மார்க் போகும், அதனால் மாற்றச் சொன்னேன். அக்காவோ, "வுட்னா தருவாரா, மாட்டாரா?" என்று கேட்டாள். அதற்கு எந்த விதியிலும் பதில் இல்லை.

இன்னொரு தூது: "உங்கப்பா எதையும் எடுத்த இடத்துல வைக்க மாட்டார்." பெண் 'புட்ஸ்' என்று நிகழ்காலத்திலேயே விட்டிருந்தாள். காலத்தை மாற்றலையா என்றதற்கு, "சூரியன் கிழக்கே உதிக்குதுங்கறதை மாத்தக் கூடாதுல்ல மாமா? யுனிவர்சல் ட்ரூத்" என்றாள். அத்தான் "ஐயோ!" என்றார். அதையும் விடாமல் 'எக்ஸ்க்ளெய்ம்ட் வித் சாரோ' என்று குறித்துக்கொண்டாள்.

கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். "சரி, தப்பு என்மேலதான்னு சொல்லு."

"அப்பா அட்மிட்டட் தட் த ஃபால்ட் வாஸ் ஹிஸ்."

அக்கா வாசல்வரை வந்துவிட்டாள். "வாஸா? அப்ப இப்போ இல்லையா?"

"இல்லம்மா, 'அட்மிட்டட்' பாஸ்ட் டென்ஸ், அதான் இதுவும் பாஸ்ட் ஆயிடுச்சு. 'அட்மிட்ஸ்'னு போட்டா 'இஸ்' அப்படியே இருக்கும்."

"அப்ப அட்மிட்ஸ்னு போட்டு, கீழே அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா."