முகம் மட்டுமா அடையாளம்?

16 வயதில் திருமணம் செய்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி ஆவணப்படம் எடுத்தேன். இப்போது அவளுக்கு 19. திருமணத்தை ரத்து செய்யக் கோரி வழக்குப் போட்டிருக்கிறாள். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, 18 வயது நிறைந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த மனுவைப் போட்டாக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் ஒரு வழக்கும் தனியாக நடக்கிறது. பணத்துக்கு அலைந்த கதை, கேமரா வாடகைக் கதையெல்லாம் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த பாடுதான். அடையாளத்தை மறைத்த வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முகத்தை மங்கலாக்கினால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வழக்கறிஞர் முதலில் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவைப் படிக்கச் சொன்னார். பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது அது. மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அக்கம்பக்கத்தையே காட்டக் கூடாது என்றால் கிராமத்தில் எதைத்தான் எடுப்பது?

முகத்தை எடுக்கவே இல்லை. எடுத்துவிட்டுப் பிறகு மறைத்தால், மறைக்காத பிரதி ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். அவள் முறத்தை மடியில் வைத்து நிலக்கடலை உரித்தபடி பேசினாள். பேச்சு கனக்கிற இடங்களில் கை தானாக நின்றுவிடும். கடலை விரலிடுக்கிலேயே இருக்கும். முன்கையில் பச்சை குத்திய எழுத்துகள் இருந்ததால் முழுக்கைச் சட்டை போட வைத்தோம்.

முதல் தொகுப்பை, அவள் சம்மதத்தோடு, அந்தப் பக்கத்தில் வேலை பார்த்த சுகாதாரச் செவிலியர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். சில நிமிடங்களிலேயே ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார். பேச்சுக்குப் பின்னால் தேய்ந்து கேட்ட ஒரு மினி பஸ் ஹார்ன்தான் காட்டிக்கொடுத்தது. அந்த மெட்டில் ஹார்ன் அடிக்கும் வண்டி அந்தத் தடத்தில் ஒன்றே ஒன்றுதானாம்! கேமராவைக் காவல் காத்த நாங்கள் மைக்கை மறந்துவிடுவோம் என்பது அவருக்கு எப்படித் தெரியுமோ, முதலில் காதைத்தான் தீட்டினார்.

பின்னணி ஒலி முழுவதையும் எடுத்துவிட்டு, வேறு மாவட்டத்தில் பதிவு செய்த காற்றையும் காக்கையையும் சேர்த்தோம். அவள் குரலும் போக வேண்டியதாயிற்று. கணினியில் குரலைத் தடிக்க வைத்தால் திரும்ப மெலிய வைக்கவும் ஆள் இருக்கிறது. பேச்சு நடையோ அப்படியே நிற்கும். அதனால் நாடகக் குழுவில் நடிக்கும் ஒரு பெண்ணைப் பேச வைத்தோம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கதைக்குரியவளிடமே போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்தவள், "அக்கா, இவள் அழுகிறாள். நான் அழவில்லையே" என்றாள்.

மறுபடி பதிவு செய்தோம். இம்முறை மூல ஒலியில் அவள் எங்கே எவ்வளவு நேரம் நிறுத்தினாளோ, அங்கே அவ்வளவு நேரம். அழுகை கிடையாது. படம் வறண்டுவிட்டது என்று எடிட்டர் முனகினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒப்புதல் கடிதத்தைப் படப்பிடிப்புக்கு முன்பும் இறுதித் தொகுப்புக்குப் பின்பும் அவளுக்கு வாசித்துக் காட்டினோம். அவளுடைய பிரதி வழக்கறிஞரிடம் இருக்கிறது. வீட்டில் வைத்தால் யார் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு தொலைக்காட்சி படத்தை வாங்க முன்வந்தது. விளம்பரத் துணுக்குக்கு அசல் குரலில் அரை நிமிடம் வேண்டும் என்றார்கள். கடிதத்தில் அதற்கு இடமில்லை என்றேன். பேச்சு அத்தோடு நின்றுபோனது. இப்போது கல்லூரிகளில் திரையிட்டு வருகிறோம்.