கப்பலூரில் ஒரு கணக்குப் பாடம்

ஆசிரியர் பயிற்சியில் 'வேலைவாய்ப்பு வழிகாட்டல்' என்றாலே எந்த குரூப் எடுத்தால் எந்த கோர்ஸ், எந்த நுழைவுத்தேர்வு என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். 2022-ல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்த பிறகு அந்தத் தகவலுக்குப் பஞ்சமே இல்லை. நடத்துகிற பாடம் வெளியே எங்கே புழங்குகிறது என்பதை ஆசிரியர் கண்ணால் பார்க்க வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். அதனால் என் பயிற்சியில் ஒரு நாள் முழுக்கப் பட்டறைகளில்தான் ஓடும்.

போன முறை மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் வளையம் செய்யும் சின்னப் பட்டறை. அச்சில் வெந்து வருகிற ரப்பர் ஆறினால் சுருங்கும், ஆகவே அச்சைக் கொஞ்சம் பெரிதாக வெட்டணும். "50 மில்லிமீட்டர் வேணும், 2 சதவீதம் சுருங்கும், அச்சு எவ்வளவு?" என்று போர்மேன் கேட்டார். ஒரு கணக்கு டீச்சர் சட்டென்று 51 என்றார். பக்கத்தில் இருந்த சார் விடவில்லை: 51-ல் 2 சதவீதம் போனால் 49.98தான் நிற்கும், 0.98-ஆல் வகுக்கணும், 51.02 என்று அட்டைப்பெட்டியின் மேலேயே போட்டுக் காட்டினார். போர்மேன் சிரித்துவிட்டு, "ரப்பருக்கு அந்த 0.02 மில்லிமீட்டர், 20 மைக்ரான், ஒண்ணும் பண்ணாது சார், இதுவே பேரிங்னா தூக்கிப் போட்டுருவாங்க" என்றார். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்கிற பேச்சே நம் விடைத்தாளில் கிடையாது. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில், மில்லிமீட்டருக்கும் குறைவான அளவைப் பார்க்கிற வெர்னியர் அளவி முதல் பாடத்திலேயே வருகிறது, பல பள்ளிகளில் அது பீரோவை விட்டு வெளியே வருவதில்லை என்பது வேறு கதை.

"பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்பவா இதெல்லாம்?" என்று ஒருவர் கொஞ்சம் காட்டமாகவே கேட்டார். நியாயமான கேள்வி. அச்சு வடிவமைக்கிறவர், ரப்பர் கலவை பார்க்கிற கெமிஸ்ட், ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவர் என்று அந்தச் சின்ன இடத்தைச் சுற்றியே எத்தனை வேலை! ஆனால் சம்பளத்தையும் வெக்கையையும் மறைத்துச் சொல்லக்கூடாது என்றும் அவரிடம் சொன்னேன்.

புதுப் பாடம் எழுதச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள், சிலபஸ் முடிக்கவே நேரமில்லை. இருக்கிற பாடத்தில் ஒரே ஒரு கேள்வியை மாற்றுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். "தமிழுக்கு இங்கே என்ன இருக்கு?" என்று அலுத்துக்கொண்டே வந்த தமிழம்மா, பிரஸ் மெஷின் மேல் இந்தியிலும் இங்கிலீஷிலும் மட்டும் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். இந்தப் பருவத்தில் கடிதம் எழுதும் பயிற்சிக்குப் பதில் அதைத் தமிழில், நான்கே வரியில், அவசரத்தில் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதச் சொல்லியிருக்கிறாராம்.