மறுநாளும் நின்ற உலக்கை

2019 டிசம்பர் 26 காலையில் திண்டுக்கல் வட்டாரத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரியும் என்பது எங்கள் இயற்பியல் துறையில் எல்லோரும் அறிந்ததுதான். அதைப் பொதுமக்களுக்குக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தபோது டிசம்பர் பிறந்துவிட்டது. நான் அப்போது இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவி. தொலைவிலுள்ள விண்மீன்களின் முன்னால் கோள்கள் கடக்கும்போது ஒளி எவ்வளவு குறைகிறது என்று கெப்ளர் விண்தொலைநோக்கியின் தரவுகளில் தேடிக்கொண்டிருந்தேன். "நீயும் மறைப்பைத்தானே ஆராய்கிறாய், இதையும் பார்த்துக்கொள்" என்றார் நெறியாளர். மறுக்க வழியில்லை.

அரையாண்டு விடுமுறை என்பதால் ஒரு கிராமத்துப் பள்ளி மைதானத்தைக் கேட்டு அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். "யாருக்காவது கண் போனால் யார் பொறுப்பு?" என்பதே ஒவ்வொரு முறையும் கேள்வி. கோபம் வந்தது, ஆனால் கேள்வி நியாயமானது. நான்காம் முறை, சூரிய வடிகட்டிக் கண்ணாடிகள், 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடி, ஊசித்துளை வழியே சுவரில் விழும் பிம்பம் ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் பயன்படுத்த மாட்டோம், எக்ஸ்ரே படச்சுருளை யார் கொண்டுவந்தாலும் வாங்கி வைத்துவிடுவோம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அன்றே கையெழுத்து கிடைத்தது. முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் முன்னதாக ஊருக்குள் பேசப் போனோம். நிலவு பூமியிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் சூரியனை முழுதாக மூடாமல் ஓரத்தில் வளையம் விடும், ராகுவும் இல்லை கேதுவும் இல்லை என்று பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினேன். 2010 ஜனவரி 15 கிரகணத்தின்போது பாட்டி என்னை வீட்டுக்குள் பூட்டி வைத்த கதையையும் சொன்னேன். அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை. தனுஷ்கோடியில் பத்து நிமிடத்துக்கும் மேல் வளையம் தெரிந்த கிரகணம் அது. எல்லாம் கேட்டுவிட்டு ஒரு மூதாட்டி, "சரி தாயி, அப்படியானால் கிரகணத்தன்று மட்டும் உலக்கை தட்டில் எப்படி நிற்கிறது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஈர்ப்பு விசை என்று ஏதோ முணுமுணுத்தேன். சிரித்தார்கள்.

விடுதிச் சமையல்கார அக்காவிடம் ஓர் உலக்கை இரவல் வாங்கி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். அடிப்பக்கப் பூணின் விட்டம் ஆறு சென்டிமீட்டர். நிறைமையம் தரையிலிருந்து ஏறத்தாழ எழுபத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தில். அப்படியானால் இரண்டு பாகைக்குச் சற்று மேல் சாயும் வரை அது விழக்கூடாது. கணக்கு எளிது, நிறுத்துவது எளிதல்ல. அரை மணி நேரம் போராடியதில் ஆய்வகத் தரையில் ஓர் ஓடு உடைந்தது. பிறகு நின்றது. கிரகணம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில். ஆனால் இதை ஊரில் சொன்னால் போதாது, காட்ட வேண்டும்.

கிரகணத்தன்று எட்டு மணிக்கு மேல் சூரியனின் ஓரம் கடிபடத் தொடங்கியது. முதலில் இருபது பேர்கூட இல்லை. பள்ளி வேப்பமரத்தடியில் இலை இடுக்குகள் வழியே விழுந்த ஒளிப்பொட்டுகள் எல்லாம் பிறைகளாக மாறியதைச் சிறுவர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஓடிப்போய் அழைத்துவந்த கூட்டத்தை நாங்கள் துண்டறிக்கையால் அழைத்திருக்க முடியாது. ஒன்பதரையை ஒட்டி, மூன்று நிமிட அளவுக்கு, மரத்தடி முழுவதும் வளையங்கள். "இருட்டவே இல்லையே" என்று சிலருக்கு ஏமாற்றம். 94 விழுக்காடு மறைந்தும் மீதி ஆறு விழுக்காடு பகலாகவே இருந்தது. நம் கண் அப்படிச் சமாளித்துக்கொள்கிறது. ஊருக்குள் மஞ்சள் நீர் ஊற்றிய பித்தளைத் தட்டில் உலக்கையும் நின்றது.

முதுநிலை மாணவர்கள் சிறு சூரிய மின்தகட்டையும் மல்டிமீட்டரையும் வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மின்னோட்டத்தைக் குறித்தார்கள். வரைபடம் கோணலாக வந்தது. காலைச் சூரியன் மேலே ஏறிக்கொண்டே இருந்ததால், தொடக்கத்தைவிட முடிவில் ஒளி அதிகம். மறுநாள் அதே இடத்தில், அதே நேரங்களில் அளந்து, முதல்நாள் எண்களை அவற்றால் வகுக்க வேண்டும். எனவே மறுநாளும் போனோம். வகுத்தபின் வரைபடம் நிமிர்ந்தது. அடிமட்டம் ஆறுக்குப் பதில் எட்டு விழுக்காடு. இரண்டு நாள் பனிமூட்டமும் ஒன்றுபோல் இல்லை. ஆனால் வடிவம் கூரிய பள்ளம். என் கெப்ளர் வரைபடங்களிலோ பள்ளத்தின் அடி நீளமாகத் தட்டையாக இருக்கும். ஏன் என்று ஒரு மாணவி கேட்டு, அவளே பதிலும் சொன்னாள்: கோள் தன் விண்மீனைவிட மிகச் சிறியது, உள்ளே நுழைந்தபின் நெடுநேரம் நகர இடமுண்டு; நிலவோ தோற்றத்தில் சூரியனில் 97 விழுக்காடு அகலம், நுழைந்ததும் வெளியேற வேண்டியதுதான். வகுப்பில் இதை நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அளவீடு முடிந்ததும் அந்த மூதாட்டியின் வீட்டுக்குப் போய் உலக்கையைக் கேட்டேன். மூன்றாம் முயற்சியில் நின்றது. அவர் சுற்றிவந்து பார்த்தார். "நேற்றைய பிடிப்பு இன்னும் விடவில்லை போலிருக்கிறது. பொங்கல் கழித்து வா" என்றார்.

மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது சரியான ஆட்சேபமாகவே பட்டது. கிரகணத்தின் தாக்கம் ஒரு நாளில் போய்விடும் என்று நான் எதை வைத்துச் சொல்வேன்?

ஆண்டறிக்கையில் இத்தனையும் "பிற பணிகள்" என்ற தலைப்பின்கீழ் ஒற்றை வரியாகச் சுருங்கியது. பொங்கல் முடிந்த அடுத்த வாரம் தனியாகப் பஸ் ஏறிப் போனேன். நான் கேட்பதற்கு முன்பே திண்ணையில் உலக்கை நின்றுகொண்டிருந்தது. "தினமும் நிற்கிறது" என்றார் மூதாட்டி, சலிப்போடு.