சிச்சிகாஸ்தெனாங்கோவில் ஒரு நெற்றிப்பட்டி

குவாத்தமாலாவின் மலைநாட்டில், ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரத்தில், கிச்சே என்னும் மாயா இனத்தார் வாழும் ஊர் சிச்சிகாஸ்தெனாங்கோ. அங்கு வியாழனும் ஞாயிறும் சந்தை கூடும். ஒரு ஞாயிறு விடியற்காலையில் நான் போய் இறங்கியபோது, எங்கள் இலங்கை மலையகத்து நுவரெலியாவின் பனிக்குளிர்தான் என்னை வரவேற்றது.

சந்தையின் நடுவே நிற்கும் சாந்தோ தோமாஸ் தேவாலயம், 1540ஆம் ஆண்டளவில், மாயாக்களின் பழைய கோயில் மேடையின் மேலேயே எழுப்பப்பட்டது. அதன் 18 படிகளும், இருபது இருபது நாட்களாக அவர்கள் எண்ணும் 18 மாதங்களைக் குறிப்பதாகச் சொல்கிறார்கள். பூக்காரிகள் அப்படிகளில் அமர்ந்திருக்க, கொப்பால் என்னும் மரப்பிசினை எரித்த புகை எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் சாம்பிராணியைப் போலவே எழுந்தது. அந்தப் படிகள் வழிபடுவோருக்கு உரியவை என்பதால் நான் பக்கவாசலால் உள்ளே சென்றேன்.

பெண்கள் இடுப்புத் தறியில் நெய்து அணியும் மேற்சட்டைகளின் அழகைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். என் கண்ணில் நின்றதோ விறகு சுமந்து வந்த ஒரு முதியவர். சுமையின் கயிறு, நெற்றியில் பதிந்த அகலமான தோல்பட்டியில் முடிந்திருந்தது. மெக்கபால் என்று அதற்குப் பெயர். சுமையை இறக்கிப் பட்டியைக் கழற்றியபோது அவர் நெற்றியின் குறுக்கே ஒரு தடம் தெரிந்தது. கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி அம்மாவின் தலையில் முடி முளைக்காமற் போன இடத்தை நினைத்துக்கொண்டு, வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, இம்மலைக் கிராமத்தவர்களைக் கடனாலும் சட்டத்தாலும் பிணைத்துப் பசிபிக் கரையோரச் சரிவுகளுக்கு வேலைக்கு இறக்கினார்கள். அதே நூற்றாண்டில்தான் எங்கள் முன்னோரும் ஆள்சேர்த்து வந்த கங்காணியிடம் பட்ட கடனோடு இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தார்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் இங்கே கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. அங்கே கோப்பி இன்றும் இருக்கிறது.

திரும்பும்போது கயிற்றுக்கடையில் ஒரு மெக்கபால் வாங்கினேன். தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான எங்கள் லயத்து வாசலில் அமர்ந்திருந்த அம்மா அதைக் கையில் வாங்கி, விரலால் தடவி, நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

“தோலு நல்லாத்தான் இருக்கு. கயிறு மாதிரி அறுக்காது” என்றார்.