ஆச்சி பார்த்த தேன்கூடு

பாளையங்கோட்டையில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை அளக்கும் வேலை எனக்கு. நாங்குநேரிப் பக்கத்து ஆச்சி ஒருவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெட்டு, இரண்டு கண்ணிலும் நேர்ப்பார்வை போயிருந்தது. மகன் பில் கட்டப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மா, சொவத்துல தேன்கூடு மாதிரி கட்டங்கட்டமா தெரியுது. சமயத்துல சின்னச் சின்ன ஆளுவ நடந்து போறாவ. வீட்ல சொன்னா பைத்தியம்னுருவாவ."

மனநல மருத்துவரிடம் அனுப்பலாம் என்று நானே சீட்டில் எழுதிவிட்டேன். டாக்டர் அதை அடித்துவிட்டு, 'சார்லஸ் போனே' என்று எழுதினார். 1760இல், கண்புரையால் பார்வை மங்கிய தன் தாத்தா இல்லாத உருவங்களைக் கண்டதை எழுதிவைத்த ஜெனீவாக்காரர் அவர். பார்வை குறைந்தவர்களுக்கு இப்படி உருவங்கள் தெரிவதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி படிக்க உட்கார்ந்தபோது, தேன்கூடு என்னைக் கள்ளிச்செடியில் கொண்டுபோய் விட்டது. நம்மூர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளி இல்லை. மெக்சிகோவில் முள்ளில்லாமல் உருண்டையாக வளரும் பெயோட்டி. அதிலிருந்து, இல்லாத உருவங்களைக் காட்டும் மெஸ்கலின் என்ற போதைப்பொருளைப் பிரித்தெடுத்த ஜெர்மன் ஆய்வாளர் ஹெஃப்டர், 1897இல் அதைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். 1920களில் ஹைன்ரிக் க்ளூவர் என்ற உளவியலாளர், மெஸ்கலின் காட்டும் உருவங்களில் நான்கு வகை திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார்: தேன்கூடு போன்ற கட்டங்கள், சிலந்தி வலை, சுரங்கம், சுருள். ஒற்றைத் தலைவலிக்காரர்களும் இப்படிப்பட்ட வடிவங்களைப் பார்க்கிறார்கள்.

மெஸ்கலின், மூளையில் செரோடோனின் என்ற சேதி கடத்தும் பொருள் வந்து ஒட்டும் இடங்களைத் தூண்டுகிறது. ஆச்சிக்கோ கண்ணிலிருந்து சேதி வருவது குறைந்ததால், மூளையின் பார்வைப் பகுதி தானாகவே இயங்குகிறது. காரணம் வேறு, கோலம் ஒன்று. அந்தக் கட்டங்கள் மூளையின் பார்வைப் பகுதியில் நரம்பணுக்கள் பின்னியிருக்கும் முறையிலிருந்தே வருகின்றன என்று பின்னால் கணித ஆய்வாளர்கள் காட்டினார்கள். மெஸ்கலின் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது, அது சரிதான். ஆனால் அந்த ஆராய்ச்சி இல்லையென்றால், ஆச்சி சொன்ன தேன்கூட்டை நான் இவ்வளவு நம்பியிருப்பேனா தெரியாது.

மறுமுறை வந்தபோது மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்: "ஆச்சி, இது பைத்தியம் இல்ல. உங்க மூளை நல்லாத்தான் இருக்கு. தெரியும்போது லைட்டப் போடுங்க, கண்ண இடமும் வலமுமா அசைங்க, சில பேருக்கு மறைஞ்சிரும்." மகன் தலையைக் குனிந்துகொண்டார். ஆச்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தச் சின்ன ஆளுவ ஒண்ணும் செய்யமாட்டாவல்லா?" என்று கேட்டார்.

இப்போதெல்லாம் பார்வை மிகவும் குறைந்த ஒவ்வொருவரிடமும், கூட வந்தவர் வெளியே போன பிறகு கேட்கிறேன்: "இல்லாதது ஏதும் கண்ணுக்குத் தெரியுதா?"